கடைசியில் அழைக்கப்பட்டவர்கள்

சிம்மக்கல் மைய நூலகத்தின் நாளிதழ்ப் பகுதியைக் கவனித்தவர்கள் அறிவார்கள்: இலக்கியச் சிற்றிதழ் தேடி வருகிறவர்கூட முதலில் கைநீட்டுவது விளையாட்டுப் பக்கத்துக்குத்தான். நாங்களும் அதற்கு விலக்கல்லர். ஞாயிறுதோறும் கூடிக் கதையும் கவிதையும் பேசுகிற எங்கள் சிறு வட்டத்தில் பாதிப்பேர் கிரிக்கெட் பைத்தியங்கள். மீதிப்பேர் அதை ஒப்புக்கொள்ளாதவர்கள். எனவே இலக்கியப் பக்கத்தில் பந்துக்கு என்ன வேலை என்று யாரும் கடிந்துகொள்ள வேண்டா. கட்டுரையின் பிற்பகுதியில் இலக்கியத்துக்கும் வந்து சேர்வோம்.

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நண்பரொருவர் ஒரு மாலையில், கோனார் கடையில் கறிதோசைக்குக் காத்திருந்த வேளையில், நிக்கோலா யோக்கிச்சின் கதையைச் சொன்னார். அங்கே என்பிஏ கூடைப்பந்து அணிகள் ஆண்டுக்கொரு முறை கூடி, புதிதாக வரும் இளைஞர்களை வரிசைமுறையில் பெயர் சொல்லி எடுத்துக்கொள்கின்றன. டிராஃப்ட் என்று அதற்குப் பெயர். ஏலம் கிடையாது, முறை வந்தவர் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சென்ற பருவத்தில் மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்வரிசை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். இரண்டு சுற்றுகளில் ஏறத்தாழ 60 பெயர்கள் அழைக்கப்படும். 2014ஆம் ஆண்டு அப்படி 41ஆவதாக அழைக்கப்பட்டவர் செர்பியாவின் யோக்கிச். அவர் பெயர் அறிவிக்கப்பட்ட நொடியில் தொலைக்காட்சியில் ஏதோ தின்பண்ட விளம்பரம் ஓடிக்கொண்டிருந்ததாம். யாருக்கும் அது பெரிய செய்தியாகப் படவில்லை. அந்த மனிதர்தான் 2021, 2022, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளில் அப்போட்டித் தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தெரிவானார். 2023இல் டென்வர் அணிக்கு அதன் முதல் கோப்பையை வாங்கித் தந்தார். அவருக்கு முன்னோடியாக அர்ஜெண்டினாவின் மனு ஜினோபிலி இருக்கிறார். 1999இல் அழைக்கப்பட்ட 58 பேரில் 57ஆவது பெயர் அவருடையது. சான் அந்தோனியோ அணியோடு நான்கு கோப்பைகள் வென்றார்.

"நம்மூரில் இப்படி யாராவது உண்டா?" என்று நண்பர் கேட்டார். கூடைப்பந்தில் இந்தியாவுக்கு அப்படியொரு கதை வாய்க்கவில்லை. 2015இல் பஞ்சாபின் சத்னாம் சிங், டல்லாஸ் அணியால் 52ஆவதாக அழைக்கப்பட்டார். அந்த வரிசையில் இடம்பிடித்த முதல் இந்தியர் அவர். ஆனால் என்பிஏ ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கடைசி வரிசையில் அழைக்கப்பட்டவர்கள் எல்லாரும் ஜினோபிலி ஆகிவிடுவதில்லை. பெரும்பாலோர் கடைசி வரிசையிலேயே மறைந்துபோகிறார்கள். அவர்களைப் பற்றிக் கட்டுரை எழுத யாருமில்லை.

ஆனால் கிரிக்கெட்டில் எங்களிடம் விடை இருந்தது. அதுவும் மதுரையின் பெயரைச் சுமந்த விடை.

தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016இல் தொடங்கியது. இன்று பலர் மறந்துவிட்ட செய்தி, 2022 வரை அங்கேயும் ஏலம் இல்லை, தெரிவுமுறைதான் என்பது. ஆட்டக்காரர்களைத் தரவாரியாகப் பிரித்து வைத்திருப்பார்கள். அணிகள் முறைவைத்துப் பெயர் சொல்லும். அவ்வாறு அமைந்த மதுரை அணி முதலிரு பருவங்களில் பெயர் சொல்லும்படி எதுவும் செய்யவில்லை. மதுரைக்காரர்களே அதை மதுரை அணியென்று உரிமை கொண்டாடத் தயங்கினார்கள் என்பது உண்மை. ஊரில் ஆட்டமும் கிடையாது. பார்க்க வேண்டுமானால் நத்தம் கல்லூரி மைதானத்துக்குப் பேருந்து ஏற வேண்டும். 2018இல் அணி மதுரை பேந்தர்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு வந்து, அந்த ஆண்டே திண்டுக்கல் அணியைச் சேப்பாக்கத்தில் வீழ்த்திக் கோப்பையையும் எடுத்தது. இறுதி ஆட்டத்தின் புகழெல்லாம் மட்டையாளர் அருண் கார்த்திக்குக்குப் போனது, போக வேண்டியதும்தான். ஆனால் அந்தத் தொடர் முழுதும் பந்து எப்பக்கம் திரும்பும் என்று எதிரணிகளைத் திணற வைத்தவர், அப்போது 26 வயதான, தமிழக அணிக்கு ஒருநாள்கூட ஆடியிராத வருண் சக்கரவர்த்தி.

இவரது முன்கதை, யாராவது புனைந்திருந்தால் நம்பத்தகாத கதை என்று நாங்களே நிராகரித்திருப்போம். பள்ளிக் காலத்தில் விக்கெட் காப்பாளர். தேர்வுகளில் தொடர்ந்து விடுபட்டதால் கிரிக்கெட்டை விட்டுவிட்டுக் கட்டடக்கலை படித்தார். அத்துறையில் வேலையும் பார்த்தார். 2014இல் வெளிவந்த 'ஜீவா' என்ற கிரிக்கெட் திரைப்படத்தில் சிறு வேடத்தில் தோன்றினார். அப்படத்தின் கருவே தேர்வில் நடக்கும் அநீதி என்பதை எண்ணிப் பார்க்கையில் சற்றுச் சிரிப்பு வருகிறது. பின்னர் வேகப்பந்து வீசும் ஆட்டக்காரராகச் சென்னைக் கழகமொன்றில் சேர்ந்தார். இரண்டாவது ஆட்டத்திலேயே முழங்கால் போயிற்று. ஓடி வந்து வீச இயலாத நிலையில்தான் சுழலுக்குத் திரும்பினார். சென்னை நான்காம் பிரிவு லீக்கில் ஜூபிலி கழகத்துக்காக ஏழு ஆட்டங்களில் 31 விக்கெட்டுகள். நான்காம் பிரிவு என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த ஆட்டங்களை ஆடுகிறவர்களின் வீட்டாரே பார்க்க வருவதில்லை.

மதுரைக்காக 2018இல் அவர் எடுத்த விக்கெட்டுகள் ஒன்பதுதான். விக்கெட் பட்டியலை மட்டும் பார்க்கிறவருக்கு அந்தப் பெயர் கண்ணில் பட்டிருக்காது. ஓவருக்குக் கொடுத்த ஓட்டம் ஐந்துக்கும் குறைவு, 4.7 என்பதுதான் செய்தி. இருபது ஓவர் ஆட்டத்தில் ஓவருக்கு ஐந்து ஓட்டம்கூடக் கொடுக்காமல் ஒரு தொடர் முழுதும் வீசுவது என்பது ஏறத்தாழ நடக்காத காரியம். மட்டையாளர் அடிக்கவும் இல்லை, அவுட்டும் ஆகவில்லை என்றால் அதற்கு ஒரே பொருள்தான்: அவருக்குப் பந்து புரியவில்லை. புரிந்ததுபோல் காட்டிக்கொண்டு காலால் தடுத்திருக்கிறார். தவறான கட்டத்தைப் பார்ப்பதுதான் தேர்வாளர்களின் பழைய நோய். வாசகர்களுக்கும் அந்த நோய் உண்டு.

அதே ஆண்டு விஜய் ஹசாரே கோப்பையில் ஒன்பது ஆட்டங்களில் 22 விக்கெட்டுகள் எடுத்தார். பிறகு எல்லாரும் விழித்துக்கொண்டார்கள். 2018 டிசம்பரில் நடந்த ஐபிஎல் ஏலத்தில் 20 இலட்சம் அடிப்படை விலையில் வைக்கப்பட்டவரைப் பஞ்சாப் அணி 8.4 கோடிக்கு எடுத்தது. நாற்பத்திரண்டு மடங்கு. அந்த ஏலத்தின் மிக உயர்ந்த விலையை ஜெய்தேவ் உனத்கட்டோடு பகிர்ந்துகொண்டார்.

இங்கே முடிந்திருந்தால் இஃது ஒரு மங்கலக் கதை. முடியவில்லை.

2019 மார்ச் 27, ஈடன் கார்டன்ஸ். ஐபிஎல்லில் அவரது முதல் ஓவர். எதிரே சுனில் நரைன். இருபத்தைந்து ஓட்டங்கள். அந்தப் பருவத்தில் அவர் ஆடியதும் அந்த ஒரே ஆட்டம்தான். விரல் காயமும் சேர்ந்துகொண்டது. ஆண்டு முடிவில் பஞ்சாப் விடுவித்தது. அந்த இரவை நாங்கள் சேர்ந்துதான் பார்த்தோம். ஒப்புக்கொள்வதில் என்ன வெட்கம்? சிரித்தோம். "எட்டரைக் கோடிக்கு இருபத்தைந்து ஓட்டம், ஓட்டம் ஒன்றுக்கு எவ்வளவு விழுகிறது?" என்று கணக்குப் போட்டவர் எங்களில் ஒருவர். எட்டு மாதங்களுக்கு முன் "நம்ம மதுரைப் பையன்" என்று மார்தட்டியவரும் அவரே. பையன் பீதரில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர் என்பதெல்லாம் வென்றபோது நினைவுக்கு வரவில்லை, தோற்றதும் வந்துவிட்டது.

அடுத்த ஏலத்தில் கொல்கத்தா அவரை 4 கோடிக்கு வாங்கியது. பாதிக்கும் குறைவான விலை. 2020இல் 17 விக்கெட்டுகள். அவற்றில் டெல்லிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 20 ஓட்டங்களுக்கு ஐந்து. இந்திய அணிக்கு அழைப்பு வந்தது. தோள் காயத்தால் ஆஸ்திரேலியா செல்ல இயலவில்லை. 2021 உலகக்கோப்பையில் மூன்று ஆட்டங்கள் ஆடி ஒரு விக்கெட்டும் எடுக்காமல் திரும்பினார். அணியிலிருந்து நீக்கினார்கள். மூன்றாண்டுகள் வெளியே. 2024 அக்டோபரில் மீண்டும் அழைத்தார்கள். 2025 பிப்ரவரியில், 33 வயதில், ஒருநாள் ஆட்டத்தில் அறிமுகம். அடுத்த மாதம் துபாயில் சாம்பியன்ஸ் கோப்பையில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகள். அத்தொடரில் ஆடிய மூன்றே ஆட்டங்களில் ஒன்பது. அதே ஆண்டு செப்டம்பரில் இருபது ஓவர் பந்துவீச்சுத் தரவரிசையில் உலகின் முதலிடம்.

இந்த வாழ்க்கையில் விலை என்பது எந்த இடத்திலாவது ஆட்டத்தோடு பொருந்தியிருக்கிறதா என்று தேடிப் பார்த்தோம். 8.4 கோடிக்கு எடுத்தபோது ஆடவில்லை. 4 கோடிக்குக் குறைந்தபோது ஆடினார். "எதிர்பார்த்ததைவிட மேலாக ஆடினார்" என்று நாம் சொல்லும்போது, அந்த எதிர்பார்ப்பு யாருடையது, எந்த நாளின் எதிர்பார்ப்பு என்று கேட்க வேண்டியிருக்கிறது. வருண் தம் வாழ்நாளில் மூன்று முறை எதிர்பார்ப்புக்கு மேலும் மூன்று முறை எதிர்பார்ப்புக்குக் கீழும் ஆடியிருக்கிறார். ஆள் ஒருவரே.

அவர் தோள் காயத்தால் ஆஸ்திரேலியா செல்லாதபோது அந்த இடத்துக்கு வந்தவர் யார் என்பது தமிழ் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன், வலைப்பயிற்சியில் பந்துவீச மட்டும் அழைத்துச் செல்லப்பட்டவர். இருவரும் 1991இல் பிறந்தவர்கள். இருவரையும் முதலில் வாங்கியதும், முதலில் விடுவித்ததும் பஞ்சாப் அணியே. இதற்குப் பொருள் ஏதும் உண்டா என்றால், அந்த அணிக்குக் கண் இருந்தது, பொறுமை இல்லை என்று சொல்லலாம்.

நடராஜன் கதையைப் பொதுவாக எப்படிச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். நெசவுக் கூலி வேலை பார்த்த தந்தை, சாலையோரம் தின்பண்டம் விற்ற தாய், டென்னிஸ் பந்து, யார்க்கர், ஆஸ்திரேலியா. நடுவில் இருக்கும் ஆறு ஆண்டுகளை யாரும் சொல்வதில்லை. 2015 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பையில் முதல் ஆட்டம் ஆடியவுடனே அவரது பந்துவீச்சு முறை ஐயத்துக்குரியது என்று புகாரானது. இருபது வயது வரை டென்னிஸ் பந்தில் பழகிய கையை மடக்கி நிமிர்த்தி மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. எழுதிப் பழகிய எழுத்தாளரிடம் உன் எழுத்துநடையே சட்டவிரோதம் என்று சொல்வதைப் போன்றது அது. 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில், திண்டுக்கல் அணிக்காக, சூப்பர் ஓவரின் ஆறு பந்துகளையும் யார்க்கராக வீசினார். அதைக் கண்டு 2017இல் பஞ்சாப் அவரை, 10 இலட்சம் அடிப்படை விலைக்கு எதிராக, 3 கோடிக்கு எடுத்தது. ஆறு ஆட்டங்கள், இரண்டு விக்கெட்டுகள். விடுவித்தார்கள். 2018இல் ஐதராபாத் 40 இலட்சத்துக்கு வாங்கிக்கொண்டது. முத்தையா முரளிதரன் பந்துவீச்சுப் பயிற்சியாளராக இருந்த அணி.

2018இல் ஓர் ஆட்டமும் தரவில்லை. 2019இலும் தரவில்லை. ஆனால் விடுவிக்கவும் இல்லை.

எங்கள் கருத்தில் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஆடாத ஒருவரை இரண்டு ஆண்டு அணியில் வைத்திருப்பது என்பது கணக்குப் பிள்ளைக்குப் பிடிக்காத காரியம். 2020இல் 16 ஆட்டங்களிலும் களமிறக்கினார்கள், 16 விக்கெட்டுகள். வெளியேற்றுச் சுற்றில் டிவிலியர்ஸின் குச்சியைப் பெயர்த்த அந்த யார்க்கரை மறந்தவர் இருக்க முடியாது. டிசம்பர் 2ஆம் நாள் கான்பெராவில் ஒருநாள் ஆட்டம், 4ஆம் நாள் அங்கேயே இருபது ஓவர் ஆட்டம், 2021 ஜனவரி 15இல் பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர். இருபது ஓவர்த் தொடரின் நாயகன் விருது பெற்ற ஹர்திக் பாண்டியா, இது இவருக்குரியது என்று கோப்பையை நடராஜன் கையில் கொடுத்த படம் அடுத்த நாள் எல்லா நாளிதழ்களிலும் வந்தது.

யோக்கிச்சின் கதையிலும் இதே இடைவெளி இருக்கிறது. 2014இல் அழைத்த அணி அவரை உடனே கொண்டுபோகவில்லை. மேலும் ஓராண்டு செர்பியாவிலேயே ஆடவிட்டது. ஜினோபிலியை 1999இல் அழைத்தார்கள். அவர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது 2002இல். மூன்றாண்டுகள் ஐரோப்பாவில் ஆடிக்கொண்டிருந்தார். கூடைப்பந்து உலகில் இத்தகைய தெரிவுகளைத் தேர்வாளரின் ஞானக்கண் என்று புகழ்வார்கள். ஞானக்கண் உண்மையாகவே இருந்திருந்தால் 57ஆவது முறை வரும்வரை ஏன் காத்திருந்தார்கள்? அந்த அணியேகூட அவரை முன்வரிசையில் கேட்கவில்லையே. அவர்கள் செய்த நல்ல காரியம் வேறு. எடுத்த பெயரைக் காயப்போடாமல், அவசரப்பட்டு விற்காமல், பழுக்கவிட்டார்கள். ஜினோபிலியாக்கியது அந்த மூன்றாண்டுகள்தாம்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. நேர்மைக்காக அதையும் சொல்லிவிடுகிறோம். கபடி. எங்கள் வைகைக் கரை ஊர்களுக்கு கிரிக்கெட்டைவிட அது நெருக்கமான ஆட்டம். 2022 புரோ கபடி ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தது. அதுவரை அந்தப் போட்டித் தொடர் காணாத விலை. முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்கால் காயத்தோடு வெளியேறினார். பருவம் முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நரேந்தர் என்ற புதிய பையன், அதற்குமுன் இந்தக் களத்தைக் கண்டிராதவர், அந்தப் பருவத்தில் 243 ரெய்டுப் புள்ளிகள் எடுத்தார். அணி முதன்முறையாக அரையிறுதிக்குப் போய், பூனேவிடம் இரண்டு புள்ளிகளில் தோற்றது. இங்கே பொறுமையும் இல்லை, பழுக்கவிடுதலும் இல்லை. ஒருவருடைய முழங்கால் மற்றொருவருக்கு வழிவிட்டது. நடராஜனுக்கும் வருணின் தோள் அப்படித்தானே வழிவிட்டது? பவன் காயமுறாமல் இருந்திருந்தால் நரேந்தர் ஓரத்தில் அமர்ந்து கைதட்டியிருப்பார். நாமும் அவர் பெயரை அறிந்திருக்க மாட்டோம். அவர் திறமை அப்போதும் அதே திறமையாகத்தான் இருந்திருக்கும்.

ஆகவே "திறமை இருந்தால் ஒருநாள் வெளிவந்தே தீரும்" என்று பெரியவர்கள் சொல்லும் ஆறுதலை நாங்கள் ஏற்கவில்லை. வெளிவந்தவர்களை மட்டும் எண்ணிச் சொல்லப்படும் ஆறுதல் அது. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் கண்மாய் வற்றியபின் அதற்குள் ஆடுகிற டென்னிஸ் பந்து ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பந்து சுழலும் விதத்தைக் கண்டு வாயடைத்து நின்றிருக்கிறோம். அந்தப் பையன்கள் சென்னை லீக்கின் நான்காம் பிரிவுக்குக்கூடப் போவதில்லை. போவதற்குச் சென்னையில் தங்க இடம் வேண்டும், தோல்பந்து வேண்டும், இரண்டு மூன்று ஆண்டு சம்பாதிக்காமல் இருக்க வீட்டில் சம்மதம் வேண்டும். நடராஜன் பின்னாளில் தம் ஊரிலேயே மைதானம் ஒன்றை அமைத்து 2023இல் திறந்ததன் பொருளை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் படிக்க வேண்டும். தமக்கு வாய்த்த தற்செயலை அடுத்தவருக்குத் தற்செயலாக விட்டுவிட அவருக்கு மனமில்லை. 2025இல் மதுரையிலும் சிந்தாமணிப் பக்கம் பெரிய மைதானம் ஒன்று திறக்கப்பட்டிருக்கிறது. தோனி வந்து திறந்துவைத்தார். மகிழ்ச்சி. அதில் யார் ஆடப்போகிறார்கள் என்பதைப் பார்த்திருப்போம்.

2023 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கும் ஏலத்துக்கு மாறிவிட்டது. எங்களுக்குள் இதுபற்றி ஒருமித்த கருத்தில்லை. முதல் ஏலத்திலேயே ஒரு வேடிக்கை நடந்தது. சாய் சுதர்சனைக் கோவை அணி 21.6 இலட்சத்துக்கு எடுத்தது. அவரோ அப்போது ஐபிஎல்லில் குஜராத் அணியில் 20 இலட்சத்துக்கு ஆடிக்கொண்டிருந்தவர். உலகின் பெரிய சந்தை வைத்த விலையைவிட ஊர்ச் சந்தை வைத்த விலை அதிகம்! மூன்று மாதம் கழித்து ஐபிஎல் இறுதி ஆட்டத்தில் அவர் 47 பந்துகளில் 96 எடுத்தார். 2025இல் 759 ஓட்டங்களோடு அந்தத் தொடரிலேயே முதலிடம். எங்களில் ஏலத்தை ஆதரிப்போர் இதைக் காட்டி, பக்கத்தில் இருந்து பார்த்தவனுக்குத் தெரிந்ததை விலையாகச் சொல்ல ஏலம்தானே வழிவிட்டது என்கிறார்கள். ஞாயமான வாதம். எதிர்ப்போர் சொல்வது, தெரிவுமுறையில் ஒவ்வோர் அணியும் தன் முறையில் கட்டாயம் ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும்; அந்தக் கட்டாயத்தில்தான் பெயர் தெரியாத பையன்கள் உள்ளே வருவார்கள்; ஏலத்தில் நான்கு பேருக்கே பணம் தீர்ந்துபோகும், மற்றவர் பெயர் வாசிக்கப்பட்டுக் கடந்து போகும் என்பது. இக்கட்டுரையை எழுதுகிறவர்கள் இரண்டாம் கட்சி. ஆனால் முறை எதுவாயினும் எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: விடுவிக்கப்பட்டவர்களின் பட்டியலை, புதியவர்களின் பட்டியலைவிடக் கூர்ந்து பாருங்கள். வருணும் நடராஜனும் கிடைத்தது அங்கிருந்துதான்.

இலக்கியத்துக்கு வருகிறோம் என்றோம். மதுரையில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது ப. சிங்காரத்தை நினைக்காமல் இருக்க முடியாது. சிங்கம்புணரியில் பிறந்து, மேடானுக்குப் போய்த் திரும்பி, மதுரை தினத்தந்தியில் வேலை பார்த்துக்கொண்டு, தனி மனிதராக விடுதி அறையில் வாழ்ந்தவர். எழுதியவை இரண்டே நாவல்கள். 'புயலிலே ஒரு தோணி' கையெழுத்துப்படியாகப் பல பதிப்பாளர்களிடம் போய்த் திரும்பி, 1972இல்தான் அச்சானது. அச்சான பின்னும் பேசப்பட நெடுங்காலம் பிடித்தது. இன்று தமிழின் தலைசிறந்த நாவல்களில் ஒன்றென்று கைகாட்டுகிறோம். ஆனால் அவர் அதற்குப் பின் எழுதவில்லை; 1997இல் இறந்துவிட்டார். அவருக்கு ஐதராபாத் அணி கிடைக்கவில்லை. நாவலைப் பொறுத்தவரை நீதி கிடைத்துவிட்டது என்று நாம் நிம்மதி கொள்கிறோம். எழுதப்படாமல் போன மூன்றாவது நாவலின் கணக்கு எதிலும் வராது.

எங்கள் கணக்கும் ஒன்று இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் சோழவந்தான் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் எங்கள் கூட்டத்துக்கு வந்தார். வெற்றிலைக் கொடிக்கால் வேலை பார்ப்பவர். கோடு போட்ட நோட்டில் எழுதிய நீண்ட கதை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அரைமணி நேரத்துக்கும் மேலாக வாசித்தார். நாங்கள் எல்லாம் பெரிய விமரிசகர்கள் அல்லவா? மொழி பக்குவப்படவில்லை, உரையாடல் நீளுகிறது, முடிவு நாடகத்தனம் என்றெல்லாம் சொன்னோம். தவறாகச் சொல்லவில்லை, இன்று படித்தாலும் அந்தக் குறைகள் இருக்கும். நடுவே ஒரு பெண் வெற்றிலையைக் கவுளி கட்டிக்கொண்டே தன் அண்ணனோடு பேசும் இடம் வரும். கை ஒன்றும் வாய் ஒன்றுமாக, எண்ணிக்கை பிசகாமல், சண்டை வளரும். அதைக் கேட்டபோது அறையில் யாரும் அசையவில்லை. அது எங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் அன்று ஒருவரும் அதை அவரிடம் சொல்லவில்லை. ஒன்பது விக்கெட்டுகளைப் பார்த்தோம், 4.7ஐப் பார்க்கவில்லை.

அடுத்த இரண்டு ஞாயிறுகள் வந்தார். ஓரத்தில் அமர்ந்து கேட்டுவிட்டுப் போனார். பிறகு வரவில்லை. நோட்டை மட்டும் எங்களிடமே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

சென்ற மாதம் புத்தக அலமாரியைத் துடைக்கும்போது அது கிடைத்தது. பின்னட்டையில் ஒரு தொலைபேசி எண் இருக்கிறது. அழைத்தால் உபயோகத்தில் இல்லை என்று குரல் வருகிறது. எங்களில் இருவர் வருகிற வாரம் சோழவந்தான் போய்க் கொடிக்கால்களில் விசாரிப்பதாக இருக்கிறார்கள். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அதற்கடுத்த ஞாயிறு கூட்டத்தில் அந்தக் கதையை முதலிலிருந்து ஒருமுறை வாசிக்க இருக்கிறோம். விருப்பமுள்ளவர்கள் வரலாம், காலை பத்து மணி.